முறுகும் இறப்பர், வழுக்கும் பொலியூரித்தேன்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து ஓர் ஒழுங்கைக்குள் திரும்பிக் கடற்கரைப் பக்கமாக இறங்கும் கார்களைக் காதுகொடுத்துக் கேளுங்கள். கான் மூடியொன்றில் முன்சில்லு ஏறி இறங்கும்போது, பத்து வயது தாண்டிய காராக இருந்தால், அடியிலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரக்கூடும். உள்ளே இருப்பவர்களில் யாராவது ஒருவர் "ஷொக் போயிட்டுது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். ஷொக் அப்சோபர் எல்லாருக்கும் பெயர் தெரிந்த சாமான். அதன்மேல் பழி போடுவது சுலபம். பல நேரங்களில் உண்மையான குற்றவாளி, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஓர் இறப்பர் உருளை. கராஜ்காரர்கள் அதைப் புஷ் என்பார்கள்.

கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கராஜ்களில் காரை ஜாக்கியில் தூக்கி, நீளமான இரும்புப் பாரையை லோவர் ஆர்முக்கும் காரின் உடலுக்கும் நடுவே செருகி நெம்பிப் பார்ப்பார்கள். ஆர்ம் தாராளமாக ஆடினால் முடிவு தெரிந்துவிடும். "இறப்பர் போடுவமா, பொலி போடுவமா? பொலி போட்டீங்கண்டா பிறகு அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கத் தேவையில்லை" என்பார் மெக்கானிக் பாஸ். பொலி என்றால் பொலியூரித்தேன். ஊதா, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நிறம் நிறமாக வரும். நகத்தால் அழுத்தினால் அமுங்காது. கறுத்துப்போய் வெடித்துக் கிடக்கும் பழைய இறப்பருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எவருக்கும் கை பொலியின் பக்கம்தான் போகும். பாஸ் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதிக்கு இறப்பர் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

சில்லைக் காரின் உடலோடு இணைப்பது லோவர் ஆர்ம். ரோட்டின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப அது மேலும் கீழும் ஆட வேண்டும். கதவுக்குக் கீல் செய்கிற வேலைதான். பழைய கார்களில் இந்தக் கீல் முழுக்க உலோகமாகவே இருந்தது: ஊசி, உறை, நடுவில் கிறீஸ். கிறீஸ் அடிக்க மறந்தால் தேயும். தேயாத நாட்களிலும் வீதியின் ஒவ்வொரு கல்லையும் ஆசனம்வரை கொண்டுவந்து சேர்க்கும். 1920களில் பிரான்சில் சைலண்ட்புளொக் என்ற பெயரில் இறப்பர் மூட்டுகள் விற்பனைக்கு வந்தன. 1931இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் காரின் இயந்திரத்தை இறப்பர் தாங்கிகளில் அமர்த்தி, ‘மிதக்கும் சக்தி’ என்று விளம்பரம் செய்தது. வெகுவிரைவில் பிரான்சின் சித்ரோயன் அதற்கு உரிமம் வாங்கிக்கொண்டது.

புஷ்ஷின் அமைப்பு மிக எளியது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்புக் குழாய்கள்; இடையில் இறப்பர். இறப்பர் அங்கே சும்மா செருகி வைக்கப்பட்டதல்ல. வார்க்கும்போதே இரண்டு குழாய்களின் இரும்போடும் இரசாயனப் பசையால் பிணைக்கப்பட்டிருக்கும். வெளிக்குழாய் ஆர்முக்குள் அழுத்தி இறுக்கப்பட்டிருக்கிறது. உட்குழாயைப் போல்ட் ஒன்று காரின் உடலோடு நெரித்துப் பிடிக்கிறது, அது திரும்பாது. அப்படியானால் ஆர்ம் எப்படி ஆடுகிறது? நடுவில் இருக்கும் இறப்பர் முறுகுகிறது. சில்லு இறங்கும்போது முறுக்கு அவிழ்கிறது. எந்த இடத்திலும் ஒன்று இன்னொன்றின்மேல் வழுக்குவதில்லை. அதனால் தேய்வும் இல்லை, கிறீஸும் தேவையில்லை, சத்தமும் இல்லை. மோட்டார் பொறியியலின் கெட்டிக்காரத்தனமான சின்னஞ்சிறு பாகங்களுக்கு ஒரு பட்டியல் போட்டால் நான் இதை மிக மேலே வைப்பேன்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 350 மி.மீ. நீளமான ஆர்ம் ஒன்றின் நுனி 70 மி.மீ. ஏறினால் ஆர்ம் ஏறத்தாழ 11 பாகை திரும்பும். புஷ்ஷுக்குள் இறப்பரின் நடு ஆரை 15 மி.மீ., தடிப்பு 10 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், இறப்பரின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட 3 மி.மீ. அளவு நகர்ந்துவிடும். தடிப்பில் 30 வீதம். இந்த இழுவையை ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை, ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டும். இரும்பு அரை வீதம் இழுபட்டாலே நிரந்தரமாக வளைந்துவிடும். இறப்பரால் மட்டும் இது எப்படி முடிகிறது?

கையில் ஒரு இறப்பர் பட்டி இருந்தால் இப்போதே செய்து பார்க்கலாம். சட்டென்று இழுத்து மேலுதட்டில் வையுங்கள், இளஞ்சூடு தெரியும். இழுத்தபடி கொஞ்ச நேரம் வைத்திருந்து, விட்டவுடன் மீண்டும் உதட்டில் வையுங்கள், குளிரும். இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் வாழ்ந்த ஜோன் கோஃப், சிறுவயதில் அம்மை நோயால் பார்வையிழந்தவர், 1805இல் இதை எழுதி வெளியிட்டார். அவரும் உதட்டால்தான் அளந்தார். அரை நூற்றாண்டு கழித்து ஜேம்ஸ் ஜூல் அதை வெப்பமானியால் உறுதிப்படுத்தினார்.

இந்தச் சூட்டுக்குள் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. இரும்புச் சுருளை இழுக்கும்போது அணுக்களுக்கு இடையிலுள்ள பிணைப்புகள் நீளுகின்றன; அவை பழைய நீளத்துக்குப் போக விரும்புவதால் சுருள் திரும்புகிறது. இறப்பரில் பிணைப்புகள் நீளுவதில்லை. இறப்பர் என்பது ஆயிரக்கணக்கான ஐசோப்பிரீன் அலகுகள் தொடுத்த நீண்ட சங்கிலிகள். சும்மா இருக்கையில் அவை கண்டபடி சுருண்டு கிடக்கும். இழுத்தால் நேராகி ஒழுங்குக்கு வரும். ஒழுங்கு அவற்றுக்கு இயல்பல்ல. வெப்பத்தால் ஓயாமல் துள்ளும் சங்கிலிகள் மறுபடி சுருண்டுகொள்ளப் பார்க்கும். இயற்பியலார் இதை எந்திரப்பியால் வரும் மீள்சக்தி என்பார்கள். இழுவை நீங்கியதும் சங்கிலிகள் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டுமானால் ஒன்றையொன்று அங்கங்கே பிடித்திருக்க வேண்டும். அந்தப் பிடியைத் தந்தது கந்தகம். 1839இல் அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் கந்தகம் கலந்த இறப்பரைச் சூடாக்கிக் கண்டுபிடித்த வல்கனைசுப்படுத்தல் இதுதான்.

இயற்கை இறப்பருக்கு இன்னொரு வித்தையும் தெரியும். 1925இல் ஜே.ஆர். காட்ஸ் என்பவர் இழுத்த இறப்பருக்குள் எக்ஸ் கதிரைச் செலுத்திப் பார்த்தார். சும்மா இருந்தபோது ஒழுங்கில்லாத மங்கல் வளையம் தெரிந்த இடத்தில், இழுத்ததும் பளிங்குகளுக்கு உரிய புள்ளிகள் தோன்றின. அதாவது பலமாக இழுபடும் இடத்தில் சங்கிலிகள் வரிசையாகி அங்கேயே பளிங்காகின்றன. ஒரு வெடிப்பின் நுனியில்தான் இழுவை மிக அதிகம். ஆகவே வெடிப்பு முன்னேறப் பார்க்கும் இடத்திலேயே இறப்பர் தன்னைக் கெட்டிப்படுத்திக்கொண்டு அதை மறிக்கிறது. செயற்கை இறப்பர்கள் எத்தனையோ வந்தபிறகும் விமானச் சக்கரம், பாலத்தின் தாங்கி, காரின் புஷ் ஆகியவற்றில் மரத்துப் பால் இன்னும் இருப்பதற்கு இதுவே காரணம்.

அந்த மரத்தின் ஆசிய வரலாறு கொழும்பிலிருந்து முப்பது கிலோமீற்றர் தூரத்தில் தொடங்கியது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் 1,900க்கு மேற்பட்ட கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவின் ஹெனரத்கொட தாவரவியல் தோட்டத்தில் நடப்பட்டன. இலங்கையின் மழைக்கும் மண்ணுக்கும் அந்தக் கன்றுகள் பிடித்துப்போயின. 1952இல் இந்த நாடு சீனாவோடு அரிசிக்கு இறப்பர் மாற்றிக்கொள்ளும் அளவுக்கு வந்தது. இன்றும் களுத்துறை மாவட்டத்தின் அகலவத்தையில் இறப்பர் ஆராய்ச்சி நிறுவகம் இயங்குகிறது.

இவ்வளவு கெட்டிக்கார இறப்பர் கொழும்பில் ஏன் செத்துப்போகிறது? கராஜ் ஒன்றில் கழற்றிப் போட்ட லோவர் ஆர்ம் புஷ் ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் பதில் தெரியும். உட்குழாய் நடுவில் இருக்காது. ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். இறப்பரின் வெளிமுகத்தில் நுண்ணிய வெடிப்புகள், எல்லாம் ஒரே திசையில், இழுவைக்குக் குறுக்காக ஓடும். இது ஓசோனின் கைவேலை. நாம் சுவாசிக்கும் காற்றில் ஓசோன் நூறு கோடியில் சில பத்துப் பங்குதான் இருக்கும். இறப்பர்ச் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளை வெட்ட அது போதும். இழுபடாத இறப்பரை ஓசோன் அதிகம் தொடாது. இழுபட்டு நிற்பதைத்தான் கிழிக்கும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் மெழுகும் ஓசோன் எதிரியும் கலக்கிறார்கள். அவை மெல்ல மேற்பரப்புக்கு வந்து காவல் நிற்கும். ஆண்டுகள் ஓட, தீர்ந்துபோகும். இன்னும் உள்ளே பார்த்தால் இரும்பும் இறப்பரும் சேரும் விளிம்பில் செம்மஞ்சள் துரு. கடற்கரை வீதியில் இரவு முழுக்க நிற்கும் காருக்கு உப்புக் காற்று செய்யும் உபகாரம் அது. துரு இரும்பை அரிக்க, பிணைப்பு விடுபட்டு இறப்பர் தனியே நிற்கும். சில வேளை போல்ட்டே உட்குழாயோடு துருவால் ஒட்டிப்போய், கிரைண்டரால் அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும். இயந்திரத்திலிருந்து எண்ணெய் ஒழுகினால் கதை இன்னும் சீக்கிரம் முடியும். இயற்கை இறப்பர் கனிய எண்ணெயைக் குடித்து ஊதிப் பிசுபிசுத்துவிடும்.

இவற்றோடு நாம் செய்யும் ஒரு கொலையும் உண்டு. புதுப் புஷ் போட்டவுடன், கார் ஜாக்கியில் நிற்க, சில்லு தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுப் பலத்தோடு இறுக்கிவிடுகிறார்கள். சில்லு 80 மி.மீ. கீழே தொங்கினால் ஆர்ம் 13 பாகை சரிந்திருக்கும். அந்த நிலைதான் இனி இறப்பருக்கு முறுக்கில்லாத நிலை. காரை நிலத்தில் இறக்கியவுடனேயே, ஓடத் தொடங்கமுன்பே, இறப்பர் 35 வீதம் இழுபட்டு நிற்கும். ஒரு மேட்டில் ஏறும்போது 65 வீதத்தைத் தொடும். பத்தாண்டு உழைக்க வேண்டிய புஷ் ஓரிரு ஆண்டில் கிழியும். ஓசோனும் இழுபட்டு நிற்கும் இறப்பரைத்தான் தேடித் திரிகிறது என்று சற்று முன் பார்த்தோம். "புது இறப்பர் சரியில்லை, ஒரு வருசம்கூட நிக்கேல்லை" என்று கேட்கும் முறைப்பாடுகளில் கணிசமானவை இறப்பரின் குற்றமல்ல என்பது என் அபிப்பிராயம்.

இறப்பரா பொலியா என்ற கேள்வி இலங்கையில் கூர்மையானதற்கு ஒரு நாட்டு நடப்பும் காரணம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பெருந்தொற்றோடு தொடங்கிய தடை 2022இன் பொருளாதார நெருக்கடியோடு நீண்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. இடையில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், வீதியில் இருந்த விட்ஸ், அக்ஸியோ, வாகன் ஆர் கார்கள் எல்லாம் அப்படியே முதுமை அடைந்தன. 2022 நடுப்பகுதியில் கியூஆர் குறியீட்டில் காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் கிடைத்த காலத்தில் பல கார்கள் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றன. ஓடாத காரிலும் புஷ் ஓய்வெடுப்பதில்லை; காரின் பாரத்தில் அதே பக்கமாக அமுங்கியபடியே நிற்கும். ரூபாவின் பெறுமதி சரிந்ததால் ஒரிஜினல் சாமான் விலை எட்டாத உயரத்துக்குப் போக, பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஜப்பானிலிருந்து வந்த பழைய லோவர் ஆர்ம்களைத் தேடினார்கள். அந்த ஆர்மில் இருக்கும் புஷ்ஷும் நம் காரின் வயதுதான் என்பதை யோசித்தவர் குறைவு. தனியார் காருக்கு ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை கட்டாயம். அடியில் இருக்கும் புஷ்ஷை எந்தப் பரிசோதனையும் எட்டிப் பார்ப்பதில்லை.

இந்த இடைவெளிக்குள்தான் பொலி வந்தது. பொருள் புதிதல்ல. ஜேர்மனியின் லெவர்குசனில் ஒட்டோ பேயர் 1937இல் பொலியூரித்தேனை உருவாக்கினார். பேயர் நிறுவனத்தின் பெயரும் அவருடைய பெயரும் ஒன்றாக இருந்தாலும் அவர் அதைத் தொடங்கிய குடும்பத்தவர் அல்ல. ஐசோசயனேற்று ஒரு திரவம், பொலியோல் இன்னொரு திரவம்; இரண்டையும் கலந்தால் தாமாகவே கைகோத்து நீண்ட சங்கிலியாகும். அந்தச் சங்கிலியில் மென்மையான துண்டும் கடினமான துண்டும் மாறி மாறி வரும். கடினத் துண்டுகள் தம் இனத்தோடு கூட்டம் சேர்ந்து திட்டுத்திட்டாக இறுகிவிடும். மென்துண்டுகள் அவற்றுக்கு இடையில் இழுபட்டுச் சுருங்கும். இறப்பரில் கந்தகம் செய்யும் வேலையை இங்கே அந்தத் திட்டுகள் செய்கின்றன. இரண்டின் விகிதத்தை மாற்றினால் மெத்தைப் பஞ்சிலிருந்து துறைமுகத் தள்ளுவண்டியின் சில்லுவரை எதையும் வார்க்கலாம்.

வார்க்கலாம் என்பதுதான் வியாபார இரகசியம். இறப்பர்ப் புஷ் செய்ய எஃகு அச்சு வேண்டும், பெரும் அழுத்தமும் சூடும் வேண்டும், இரும்போடு பிணைக்கும் நுட்பம் வேண்டும். இலட்சக்கணக்கில் செய்தால்தான் கட்டுபடியாகும். பொலியை எளிய அச்சில் ஊற்றி, இருநூறு முந்நூறு என்றுகூடச் செய்து விற்கலாம். லேத் பட்டறைக்காரர் வார்த்த தண்டு ஒன்றை வாங்கி, நம் காரின் அளவுக்குக் கடைந்தும் தந்துவிடுவார். ஆகவே தயாரிப்பாளர் கைவிட்ட பழைய கார்களுக்கும் பந்தயக் கார்களுக்கும் பொலி பெரிய வரம். இங்கிலாந்தின் பவர்ஃப்ளெக்ஸ், அவுஸ்திரேலியாவின் சுப்பர்புரோ போன்ற நிறுவனங்கள் இந்தச் சந்தையில்தான் வளர்ந்தன. சாமான் மோசமானது என்று நான் சொல்லவரவில்லை. அது வேறு சாமான்.

வேறு என்று ஏன் சொல்கிறேன்? பொலிப் புஷ்ஷில் பொதுவாக எதுவும் இரும்போடு பிணைக்கப்படுவதில்லை. நடுவில் ஒரு வழவழப்பான குழாய், சுற்றிவர பொலி. ஆர்ம் ஆடும்போது பொலி முறுகுவதில்லை. குழாயைச் சுற்றி வழுக்குகிறது. அதாவது சைலண்ட்புளொக்குக்கு முந்திய கிறீஸ் கீலுக்கே திரும்பிப் போகிறோம், உலோகத்துக்குப் பதில் பிளாஸ்திக்கோடு. இதில் நன்மையும் உண்டு. தொங்கும் நிலையில் இறுக்கினாலும் பொலிக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் முறுக்கே இல்லை. ஓசோன் அதைச் சீண்டாது, எண்ணெயும் பெரிதாக ஊறாது. பாஸ் சொன்ன பாதி உண்மை இது.

வழுக்க வேண்டுமானால் கிறீஸ் வேண்டும். சிலிக்கன் அடிப்படையிலான, கோந்து போன்ற தடித்த கிறீஸைப் பூசித்தான் பொலியைப் பொருத்துவார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மி.மீ. மழை பெய்யும் கொழும்பில், ஆமர் வீதியில் முழங்கால் வெள்ளத்துக்குள்ளால் காரை ஓட்டிப்போனால் அந்தக் கிறீஸ் எவ்வளவு நாள் நிற்கும்? கிறீஸ் கழுவுப்பட்டதும் பொலி குழாயைப் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். இந்தப் பிடி-விடு அசைவுதான் வேகத்தடையில் ஏறும்போது எழும் ‘கிறீச்’. ஒரிஜினல் புஷ் சாகும் தறுவாயில்தான் சத்தம் போடும். பொலி இளமையிலேயே போடலாம். கழற்றிக் கிறீஸ் பூசினால் அடங்கிவிடும். ஆனால் ‘திரும்பியே பார்க்கத் தேவையில்லை’ என்ற வாக்குறுதி அங்கே உடைகிறது.

அடுத்தது கடினத்தன்மை. இறப்பரின் கடினத்தன்மையை ஷோர் ஏ என்ற அளவுகோலில் அளப்பார்கள். ஊசியொன்றை அழுத்தி, எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. கார்களின் ஒரிஜினல் புஷ் பெரும்பாலும் 50க்கும் 65க்கும் இடையில் வரும். பொலி 75 முதல் 95 வரை. எண்கள் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியலாம். 60இலிருந்து 80க்குப் போனால் விறைப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது. 95இல் அதைவிடப் பல மடங்கு. இன்னொரு விஷயமும் சேர்கிறது. இறப்பரின் வடிவத்தை மாற்றுவது இலகு, கனவளவைக் குறைப்பது மகா கடினம். இரண்டுக்கும் தேவையான விசைகளிடையே ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம் உண்டு. அமுக்கும்போது பிதுங்கிப் போக வெற்றிடம் இருந்தால்தான் அது மென்மையாக நடக்கும். உங்கள் காரின் லோவர் ஆர்மில் பின்பக்கப் பெரிய புஷ்ஷைப் பாருங்கள்: இறப்பரில் பிறை வடிவில் இரண்டு ஓட்டைகள் இருக்கும். பிய்ந்துபோன இடமென்று நினைக்க வேண்டாம். வேண்டுமென்றே விட்ட இடம். ரேடியல் டயர்கள் பரவியபோது சிறு குழிகளின் அடி கூர்மையாக உள்ளே வந்தது. அதைத் தணிக்க, சில்லு இடம்வலமாக அசையாமல், பின்னோக்கி மட்டும் சில மில்லிமீற்றர் விட்டுக்கொடுக்கும்படி பொறியியலாளர் அந்த ஓட்டைகளைத் திசை பார்த்து வைத்தார்கள். பொலிப் புஷ்ஷில் பெரும்பாலும் அந்த ஓட்டை கிடையாது, முழுக் கட்டி. கான் மூடியின் அடி முழுவதும் இனி ஸ்டெயரிங்குக்கும் உங்கள் முதுகுக்கும்தான்.

இதை எதிர்பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். அந்த விட்டுக்கொடுப்பு அளவுக்கு மிஞ்சினால் ஆபத்து. ஆர்மின் நுனியில் சில்லைப் பிடிக்கும் போல் ஜொயின்ட் பக்கவாட்டில் ஒரு மில்லிமீற்றர் நழுவி, ஸ்டெயரிங்கைச் சில்லோடு இணைக்கும் ரை ரொட் அதே இடத்தில் நின்றால், 120 மி.மீ. நீளமான ஸ்டெயரிங் கரத்தில் அது சில்லை அரைப் பாகை திருப்பிவிடும். வீல் எலைன்மென்ட் இயந்திரம் பாகையின் சிறு பின்னங்களுக்காகச் சண்டை பிடிக்கிறது. கிழிந்த புஷ்ஷோடு எலைன்மென்ட் செய்வது காசைக் கடலில் போடும் வேலை. அதிவேக வீதியில் 100 கி.மீ. வேகத்தில் பிரேக் மிதிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுப்பதும் இதனால் இருக்கலாம். கூர்மையான ஸ்டெயரிங் வேண்டுமென்பவருக்குப் பொலி உண்மையாகவே அதைத் தருகிறது. எதற்குப் பதிலாகத் தருகிறது என்பதுதான் விலை.

கொழும்பின் ஈரத்துக்கு உரிய ஓர் எச்சரிக்கை. அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்த சப்பாத்தைக் கல்யாண வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போக, அடி பொடிப்பொடியாக உதிர்ந்த அனுபவம் இந்த நகரத்தில் பலருக்கு உண்டு. அந்த அடியும் பொலியூரித்தேன்தான். பொலியூரித்தேனில் எசுத்தர் வகை, ஈதர் வகை என்று இரண்டு குடும்பங்கள். எசுத்தர் பிணைப்பை வெப்பமும் ஈரமும் சேர்ந்து நீர்ப்பகுப்பால் வெட்டிவிடும். ஈதர் வகை நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும். எந்த வகை என்று பெட்டியில் எழுதாத, பெயரில்லாத மலிவுப் பொலியை இந்தக் கடலோரத்தில் போடுவது சூதாட்டம். இன்னொன்று: பழைய இறப்பர்ப் புஷ்ஷைக் காஸ் சுவாலையால் எரித்து வெளியே எடுப்பது கராஜ்களில் வழக்கம். பொலியை ஒருநாளும் அப்படி எரிக்க விடாதீர்கள். அந்தப் புகையில் ஐதரசன் சயனைட்டு இருக்கும்.

பொலியை எங்கே போடலாம்? வளைவில் கார் சரிவதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் புஷ்ஷுக்குத் தாராளமாக. அங்கே அசைவு ஒரே அச்சில் சுழல்வதுதான்; பல கார்களின் ஒரிஜினல் இறப்பரே அந்த இடத்தில் வழுக்கத்தான் செய்கிறது. மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கும் நல்லது. 1948இல் அலெக் இசிகோனிஸின் வடிவமைப்பில் வந்த அந்தக் காருக்கு இலங்கையில் இன்றும் பக்தர்கள் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களுக்கே ஒரு நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர் அதன் பாகங்களை 1990களில் இலங்கையிலேயே செய்விக்க முன்வந்தார். மைனரின் முன்பக்க ஆர்மைத் தாங்கும் இறப்பர் பிணைக்கப்பட்டதல்ல, இரண்டு பாதிகளாக நெரித்து வைப்பது. அதன்மேல் பழைய இயந்திரத்தின் எண்ணெய் சொட்டும். எண்ணெய்க்கு அஞ்சாத பொலி அங்கே இறப்பரைவிடப் பொருத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிணைக்கப்பட்ட சாதாரண லோவர் ஆர்மின் முன்பக்கச் சிறு புஷ்ஷை, வேகமாக ஓட்டுபவர் மாற்றிக்கொள்ளலாம், நஷ்டம் சிறிது.

பிறை ஓட்டை உள்ள பெரிய புஷ்ஷில் வேண்டாம். விட்ஸ், அக்ஸியோ போன்றவற்றின் பின் அச்சுத் தண்டைப் பிடிக்கும் இரண்டு பெரிய புஷ்களிலும் வேண்டாம். அவை சுழல்வதோடு சரியவும் வேண்டும், முழுக் கட்டிப் பொலி அந்தச் சரிவை மறிக்க, பாரம் போய் இரும்புத் தாங்கியில் விழும். இயந்திரத் தாங்கியில் போடவே வேண்டாம். மூன்று சிலிண்டர் இயந்திரம் 800 சுற்றில் சும்மா ஓடும்போது செக்கனுக்கு 20 தடவை எரிகிறது. அந்த 20 ஹேர்ட்ஸ் உதறலை உள்ளே விடாமல் பிடித்திருப்பது மென்மையான இறப்பர் ஒன்றுதான். அதை எடுத்துவிட்டுப் பொலி போட்டவர், சிவப்பு விளக்கில் நிற்கும்போது கண்ணாடியில் பின்னால் வரும் காரின் இலக்கத்தகட்டை வாசிக்க முடியாமல் திண்டாடுவார்.

வேலைக்குப் போய்வர, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்க, வருடத்தில் ஓரிரு தடவை யாழ்ப்பாணம் போய்வரக் கார் வைத்திருப்பவருக்கு என் தீர்ப்பு: தயாரித்த திகதி பார்த்து வாங்கிய, நல்ல நிறுவனத்தின் புது இறப்பர்ப் புஷ். மாற்றி முடிந்ததும் போல்ட்டைக் கையிறுக்கத்தோடு விட்டு, காரை நிலத்தில் இறக்கி, நாலு சில்லிலும் பாரம் நின்ற பிறகே முழுதாக இறுக்கச் சொல்லுங்கள். பாஸ் கொஞ்சம் முகம் சுளிப்பார், ஏனென்றால் காருக்கு அடியில் மறுபடி படுக்க வேண்டும். பரவாயில்லை, பக்கத்தில் நின்று செய்வியுங்கள். அதற்குத் தனியாகக் காசு கேட்க மாட்டார்.